பெரியவர் ரூம்

தம்பி, தப்பா நெனைக்காதீங்க. நீங்க போன்ல பேசுனது காதுல விழுந்துருச்சு. பக்கத்து சீட்டு, வேற எங்க விழும். சதுர அடிக்கு ரெண்டாயிரத்து முன்னூறுங்கறான்ல உங்க இன்ஜினியரு, சாவி கையில குடுக்கற வரைக்கும்னு? நம்பாதீங்க. அவன் பொய் சொல்றான்னு சொல்லலீங்க. அவன் சொல்ற காசுக்கு வீடு இருக்கும். அதுல நீங்க குடியிருக்க முடியாது, அவ்வளவுதான்.

போர் போட்டுத் தண்ணி வரலைன்னா ரெண்டாவது போரு, அது அதுல வராது. கரண்டு ஆபீஸுல டெம்பரரி லைனு, வராது. நிலை வெக்கற அன்னைக்கு அடியில போடற பொட்டுத் தங்கம், கொத்தனாருக்கு வேட்டி, சித்தாளுக்குச் சேலை, எதுவும் வராது. தளம் போடற அன்னைக்குக் கறிச்சோறு போட்டே ஆகோணும். போடலைன்னா தளம் ஒழுகும். சாமி குத்தமெல்லாம் இல்லீங்க. கோவத்துல கான்கிரீட்ட செரியாக் குத்த மாட்டானுங்க.

எப்பிடி இவ்வளவு தெரியும்னு பாக்கறீங்களா? கரூர்ல பஸ் பாடி கட்டற பட்டறைல எஸ்டிமேட் போடறவனுங்க நான். நாச்சிமுத்துன்னு பேரு. பதினாலு வயசுல தகரம் வெட்டற வேலைக்குச் சேந்தேன். பகல்ல தகரம், ராத்திரில இரவுப் பள்ளிக்கூடம். பத்தாவதுல தமிழ்ல முப்பத்தஞ்சு, கணக்குல தொண்ணூத்தி ரெண்டு. அந்தத் தொண்ணூத்தி ரெண்டைத்தான் இத்தனை வருசமாத் தின்னுட்டு இருக்கேன். சேஸிஸைக் காட்டுங்க, பாடிக்கு என்ன ஆகும்னு சொல்லிருவேன், ரிவெட்டு உள்பட. இந்த வண்டி எங்க பட்டறை இல்லீங்க. கேக்குதில்ல, பின்னாடி தட தடன்னு? எங்க பட்டறை வண்டி அப்பிடிப் பேசாது.

அப்பறம், உங்க ஜன்னல் சீட்டை எங்கப்பாவுக்கு விட்டுட்டு எம்பக்கத்துல வந்து உக்காந்தீங்களே, நல்ல மனசு உங்களுக்கு. அவருக்கு மூச்சுக்குக் காத்து வேணும். முன்னாடி சாஞ்சிருக்காரு பாருங்க, அவருதான், காளியண்ணன்னு பேரு. மூலனூர்ல ஏறுன ஒடனே கண்ண மூடிட்டாரு. அந்தப் பக்கம் கரண்டு எடுக்கற பெரிய காத்தாடி ஒண்ணு தாண்டுனமே, ரோட்டோரம்? அது நிக்கறது எங்க காடு. எங்க காடா இருந்தது. அவரு வித்துட்டாரு. அதை வித்துத்தான் கரூர்ல மூணு சென்ட் மனை வாங்குனோம், எம்பேர்ல. அதனால மனைச் செலவு எனக்கு எஸ்டிமேட்ல பூஜ்யம். அந்த மாதிரி ஒரு தொடக்கம் எல்லாருக்கும் அமையாதுங்க. உங்களுக்கு மனை இருக்குதில்ல? அப்பா வாங்குனதா? செரி, செரி.

அவரு கேட்டது ஒண்ணே ஒண்ணு. "டேய், எனக்குக் கீழ ஒரு ரூம் போட்ரு. கக்கூஸு உள்ளயே இருக்கோணும்." நாப்பது வருசம் தறில இருந்த மனுசன். பஞ்சுத் தூசி பூரா நெஞ்சுல. மாடி ஏற முடியாது, நாலு படி ஏறுனா அஞ்சாவதுல உக்காந்துருவாரு. நானும் பிளான்ல போட்டேனுங்க. கீழ ஹாலு, சமையக்கட்டு, அப்பா ரூமு. மேல எங்களுக்கு ஒண்ணு, பசங்களுக்கு ஒண்ணு. மேஸ்திரி வேலாயுதம் அதுக்குப் பேரே வெச்சுட்டாரு, பெரியவர் ரூம்னு. "பெரியவர் ரூமுக்கு ஜன்னல் கெழக்க வெக்கலாமுங்களா?" "பெரியவர் ரூமுக்கு டைல்ஸ் வழுக்காததாப் பாருங்க." அந்த ரூம் மட்டும், பாத்ரூமோட சேத்து, ரெண்டு லட்சத்து எம்பதாயிரம். மொத்தம் முப்பத்தி ரெண்டு லட்சத்துல அது ஒரு வரி. ஒரே ஒரு வரி.

வைகாசில அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுனோம். ஆவணில பேஸ்மட்டம் ஏறி செவுரு எந்திரிக்குது, இவரு படுத்துட்டாரு. கோயமுத்தூருக்குக் கொண்டு போனேன். டாக்டரு படத்தை லைட்ல மாட்டி, "நுரையீரல் பாதிக்கு மேல வேலை செய்யல. மூணு மாசம், மிஞ்சுனா ஆறு"ன்னாரு. நல்லாத் தெளிவாச் சொல்ற டாக்டரு. எனக்கு அந்த மாதிரி ஆளுங்களைப் புடிக்கும். சுத்தி வளைக்காம ஒரு அளவு குடுத்தாத்தான நாம வேலையப் பாக்க முடியும்.

அன்னைக்கு பஸ்ஸுல வரும்போதே மனசுல கணக்கு ஓடுதுங்க. நீங்க சின்ன வயசு, உங்களுக்கு இது தோணாது. கேளுங்க. பெத்தவரு போயிட்டா எங்க பக்கம் ஒரு வருசத்துக்கு நல்ல காரியம் கெடையாது. திதி முடிஞ்சாத்தான். புது வீட்ல பால் காய்ச்ச முடியாது. பால் காய்ச்சாம குடி போக முடியுங்களா? அப்ப, வீடு கட்டி ரெடியா நிக்கும், நாம வாடகை வீட்ல இருப்போம். வாடகை ஆறாயிரம். லோன் வட்டி பதினெட்டாயிரம். பன்னண்டு மாசம் பெருக்கிப் பாருங்க. பாத்தீங்களா? மூணு லட்சத்துக்குக் கொஞ்சம் கம்மி. எதிர்பாராத செலவுன்னு எஸ்டிமேட்ல அஞ்சு பர்சன்ட் போட்டிருந்தேன். ஆனா இது எதிர்பாராத செலவு இல்லீங்களே. டாக்டரே சொல்லிட்டாரு, எதிர்பார்த்த செலவு.

மார்கழில ஆகாது. தை வரைக்கும் பொறுத்தா அவரு பொறுப்பாரோ என்னவோ. ஐப்பசில முடியாது. அதனால கார்த்திகைல நாள் குறிச்சேன். வேலாயுதம் தலைல கைய வெச்சுட்டாரு.

"சார், பூச்சு காயாது. ஆள் ரெண்டு மடங்கு போடோணும்."

"போடுங்க."

"காசு?"

காசுதான். எங்க கொறைக்கறது? கம்பில கொறைக்க முடியாது, சிமெண்ட்ல கொறைச்சா நாளைக்கு விரிசல் வுடும். ஒவ்வொரு வரியாப் போயிட்டு வந்தேன். எல்லா வரிலயும் ஆள் இருக்குது. சமையக்கட்டுல எங்க சம்சாரம் இருக்குது. மேல பசங்க இருக்கறாங்க. ஒரு வரிலதான்... நீங்களே சொல்லுங்க தம்பி. நீங்க படிச்சவரு. வீடு முடியும்போது ஆளே இருக்கப் போறதில்லைங்கற ரூமுக்கு ரெண்டு எம்பது போட்டு, அதுக்கு வட்டியும் கட்டறது என்ன நாயம்?

வேலாயுதத்துக்கிட்ட சொன்னேன். கரணையக் கீழ வெச்சுட்டாரு. "அந்த மூலைய என்னங்க பண்றது? செவுரு எந்திரிச்சிருச்சே."

"பாத்ரூமை எடுத்துருங்க. உள்பக்கக் கதவை அடைச்சுருங்க. ரோட்டுப் பக்கம் ஒடைச்சு ஒரு ஷட்டர் போட்ருங்க. கடைக்கு வுடலாம்."

"பெரியவரு கேட்டா?"

"நான் சொல்லிக்கறேன்."

அவரு ஒரு பீடியக் குடிச்சு முடிச்சாரு. அப்பறம் கட்டுனாரு. கூலி ஆளு, கட்டாம என்ன பண்ணுவாரு.

எங்க சம்சாரம் கோகிலாவும் கேட்டா. "ஏனுங்க, மாமா எங்கீங்க படுப்பாரு?" "மாடில"ன்னேன். "அவரு மாடி ஏற மாட்டாரே?" "ஏறுற நெலமை வராது கோகிலா." அவ அதுக்கப்பறம் அதைப் பத்திப் பேசலீங்க. புரிஞ்சுக்கிட்டா. எங்களுக்குள்ள அந்த விசயத்துல ஒத்துமை ஜாஸ்தி.

கட்டற எடத்துக்குப் பக்கத்துலதான் வாடகை வீடு. சிமெண்ட் தூசி அவருக்கு ஆகாதுன்னு மூலனூர்ல தங்கச்சி மரகதம் வீட்டுல கொண்டு போய் வுட்டேன். அவருக்காகத்தான். அங்க காத்து நல்லாருக்கும்.

முகூர்த்தத்துக்கு பத்து நாள் இருக்கும். எனக்குத் தூக்கம் புடிக்கல. கடைசி நேரத்துல ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருச்சுன்னா? பத்திரிகை குடுத்தாச்சு, பந்தலுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு. மரகதத்துக்கு போன் பண்ணேன். "அம்மிணி, நான் சொல்றதப் பொறுமையாக் கேளு. தீட்டுங்கறது சேதி காதுல விழுந்தாத்தான். கேக்காத வரைக்கும் இல்ல. அப்பாவுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா ஒடனே கூப்புடாத. முகூர்த்தம் ஆறரைக்கு முடிஞ்சுரும். ஏழு மணிக்கு மேல கூப்புடு. நான் பந்திய வுட்டுட்டு ஓடியாந்தர்றேன்"னேன். நாயந்தானுங்களே? ஓடி வர மாட்டேன்னா சொன்னேன்?

எல்லாத்தையும் கேட்டுக்கிட்டா. அப்பறம் சொல்றா, "அண்ணா, அப்பா எம்பக்கத்துலதான் உக்காந்து கஞ்சி குடிக்கறாரு. போனைக் குடுக்கறேன். நீயே சொல்லிரு."

"வேண்டாம் அம்மிணி, குடிக்கட்டும்"னேன்.

அவளுக்குக் கொஞ்சம் வாய் ஜாஸ்தி. சின்னதுல இருந்தே.

முகூர்த்தம் நல்லபடியா முடிஞ்சுதுங்க. பூச்சு ஈரம், உள்ள ஒரு ரூமுக்கும் கதவு இல்ல, சேலையத் தொங்க வுட்டோம். ஆனா முடிஞ்சுது. பால் பொங்குது, எல்லாரும் "நாச்சிமுத்து சாதிச்சுட்டான்"ங்கறாங்க, பாத்தா வாசல்ல கார் ஒண்ணு வந்து நிக்குது. மரகதமும் மாப்ளையும் எறங்கறாங்க, நடுவுல எங்கப்பா. வெள்ளை வேட்டி, கையில குச்சி. மூணு எட்டு வெச்சு, நின்னு, மூச்சு வாங்கி, மறுக்க மூணு எட்டு. கிட்ட வந்து எங்காதுல சொல்றாரு, "முகூர்த்தம் முடியற வரைக்கும் ஒண்ணும் ஆகாம இழுத்துப் புடிச்சு வெச்சிருந்தேன்டா. இனிப் பயம் இல்ல."

எப்பிடி ஒரு ஆசீர்வாதம் பாருங்க. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு.

அப்பறம் வீட்டைச் சுத்திப் பாத்தாரு. செவுத்தைத் தொட்டாரு, "ஈரமா இருக்குதுடா"ன்னாரு. ஹாலைத் தாண்டி அந்த மூலைக்குப் போனாரு. குச்சியால செவுத்தை ரெண்டு தட்டு தட்டுனாரு. "இங்கதான கதவு?"

"பிளான் கொஞ்சம் மாத்துனேனுங்கப்பா."

"மாத்துனியா."

வெளிய சுத்திப் போயி ஷட்டர் முன்னாடி நின்னு மேல கீழ பாத்தாரு. சொந்தக்காரங்க எல்லாம் நிக்கறாங்க. "தெக்க பாத்த கடை. வியாபாரம் ஆகுமா?"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். எதையும் மனசுல வெச்சுக்க மாட்டாருங்க. மரகதம்தான் பந்தில உக்காரல. வயிறு செரியில்லைன்னுட்டா.

சாயங்காலம் அவங்ககூடவே திரும்பிப் போயிட்டாரு. இங்க ஈரச் செவுரு, அவரு நெஞ்சுக்கு ஆகாதில்ல.

இதுக்கப்பறம்தானுங்க பிரச்சினை. எந்த எஸ்டிமேட்காரனுக்கும் வரக்கூடாத பிரச்சினை. மூணு மாசம் ஆச்சு. ஆறு மாசம் ஆச்சு. ஆளு அப்பிடியே இருக்காரு. ஒரு வருசம் ஆச்சு, மாப்ள போன்ல சொல்றாரு, "மாமா இப்ப பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து போயி டீ குடிச்சுட்டு வர்றாரு, மச்சான்." மறுக்க கோயமுத்தூரு கூட்டிட்டுப் போனேன். அதே டாக்டரு. படத்தை மாட்டிப் பாத்துட்டு, "தூசி இல்லாத எடத்துக்கு மாத்துனீங்களா? அதான். நல்ல காரியம் பண்ணீங்க"ன்னு எனக்குக் கை குடுக்கறாரு.

நான் என்னத்தச் சொல்ல? மூணு மாசம்னு நீதானய்யா சொன்ன? நாங்க பட்டறைல சொன்ன தேதிக்கு வண்டி குடுக்கலைன்னா பில்லுல புடிச்சுக்குவான். டாக்டருக்கு அப்பிடி எதுவும் கெடையாது.

சந்தோசம்தானுங்க. பெத்தவரு இருக்காருன்னா சந்தோசம் இல்லாமயா. கணக்கு இடிக்குதுன்னு சொல்றேன், அவ்வளவுதான்.

இப்பிடியே மூணு வருசம் ஓடிருச்சு. போன மாசம் மரகதம் பையனுக்குக் கல்யாணம். மருமக வந்துட்டா. அவங்க வீட்ல ரெண்டே ரூம். போன வாரம் போன் பண்ணி, "அண்ணா, வந்து அப்பாவைக் கூட்டிட்டுப் போ"ன்னா. "திடீர்னு சொன்னா எப்பிடி அம்மிணி?"ன்னேன். "மூணு வருசம் உனக்குத் திடீர்னா?"ங்கறா. சொன்னனில்ல, வாய்.

எங்க வெக்கறது? அந்தக் கடைல மாவு அரைச்சு விக்கறவன் இருக்கான். ஏழாயிரம் வாடகை. அட்வான்ஸைக் குடுத்தா நாளைக்கே காலி பண்றேங்கறான், வியாபாரம் இல்லையாம். அவன் அட்வான்ஸு நாப்பதாயிரமும் டைல்ஸாக் கெடக்குது. பேத்தெடுத்தா குடுக்க முடியும்? அவன் போனா வாடகையும் போச்சு. பையன் இன்ஜினியரிங் படிக்கறான், அந்த ஏழாயிரம் அவன் ஹாஸ்டலுக்குச் செரியாப் போகுது. ஹால்ல கட்டல் போடலாம்னா, கோகிலா, "பொண்ணு பாக்க வர்றவங்க எங்கீங்க உக்காருவாங்க?"ங்கறா. அதுவும் நாயம்தான். மகளுக்கு எடம் பாத்துட்டிருக்கோம்.

கடைசில நானே வழி கண்டுபுடிச்சேன். மாடிப்படிக்கு அடியில. இன்வெர்ட்டரைக் கொஞ்சம் தள்ளி வெச்சா அஞ்சரை அடி கெடைக்குது. எங்கப்பா அஞ்சே முக்கால். மூணு இஞ்சிதான. நேரா எவன் தூங்கறான்? எல்லாரும் காலை மடக்கித்தான் தூங்கறோம். கக்கூஸுக்குத்தான் மாடிக்குப் போகோணும். அதுக்கு ஒரு பிளாஸ்டிக் சேர் வாங்கி, நடுவுல ஓட்டை போட்டு...

அட, முழிச்சுட்டாரு. திரும்பறாரு பாருங்க.

"என்னங்கப்பா, நல்லாத் தூங்குனீங்களா?"

"தூங்குனாத்தானடா. நீ வாய மூடுனாத்தான தூங்கறதுக்கு."

சிரிக்கறீங்களா தம்பி? இப்பிடித்தான், எப்பவும் குசும்பு.

"தண்ணி வேணுமுங்களா? என்னங்கப்பா இது? மஞ்சப்பைய எதுக்குக் குடுக்கறீங்க?"

"பிரிச்சுப் பாரு."

"பணமா? ஏதுங்க இவ்வளவு?"

"மாசாமாசம் கவர்மென்ட்டு குடுக்கற கெழவன் பணம். மரகதம் ஒத்த ரூவா தொடல. என்னை எடுத்துப் போடறதுக்குன்னு சேத்தி வெச்சேன். நாப்பதுக்குக் கொறையாம இருக்கும். அந்த மாவுக்காரனுக்கு அட்வான்ஸைக் குடுத்து அனுப்பு."

"அப்பறம் கடை சும்மா கெடக்குமேங்கப்பா."

"எனக்கு வாடகைக்கு வுடு."

"என்னங்கப்பா நீங்க..."

"ஏழாயிரம் என்னால ஆகாது. மாசம் ஆயிரத்து எரநூறு வருது, அப்பிடியே வாங்கிக்க. சோத்துக்கு அதுலயே கழிச்சுக்க. நாப்பது என்ற அட்வான்ஸு. நான் காலி பண்ணும்போது திருப்பித் தரோணுமில்ல? அதுல என்னை எடுத்துரு. உங்கையில இருந்து எதுவும் போகாது."

இருங்க தம்பி, ஒரு நிமிசம். ஆயிரத்து எரநூறு... மாவுக்காரன் எப்பிடியும் ரெண்டு மாசத்துல ஓடிருவான். கடை சும்மா கெடந்தா அதுவும் வராது. கரண்டு பில்லு மாவு மெசினு ஓடாததால கொறையும். எடுக்கற செலவுக்குத் தனியா ஒதுக்க வேண்டியதில்ல. அடடா. எனக்கு இது தோணவே இல்ல பாருங்க.

"செரிங்கப்பா. அப்பிடியே பண்ணிக்கலாம். ஆனா கக்கூஸு..."

"கடைக்காரன் எங்க போறான்?"

"பின்னாடி, சந்துல ஒண்ணு இருக்குதுங்க. ரோட்ட சுத்திட்டுப் போகோணும்."

"செரி. ஏன்டா, அந்த ஷட்டரை உள்ள இருந்து பூட்ட முடியுமா?"

"முடியாதுங்கப்பா, கடை ஷட்டருதானுங்க. பூட்டு வெளியிலதான். தூக்கறதுக்கும் உங்களுக்கு மூச்சுப் பத்தாது."

"அப்ப ராத்திரிக்கு நீ வந்து பூட்டிட்டுப் போ. விடியக்கால ஞாபகமாத் தொறந்து வுடு."

பாத்தீங்களா தம்பி, அதுக்கும் அவரே வழி சொல்லிட்டாரு. ஒரு நல்ல பூட்டா மட்டும் வாங்கோணும். ஏன் தம்பி, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு? வண்டி ஆட்டுதா? நான்தான் சொன்னனில்ல, இது எங்க பட்டறை வண்டி இல்லீங்கன்னு.